அம்பி மாமாவுக்கு எளிய சிஸ்டம் தேர்வுக் கமிட்டி

ஒரு முதியவரின் நலனுக்காக இந்தப் பூமியில் இதுவரை கூடிய கூட்டங்களிலேயே தலைசிறந்தது எது என்று கேட்டால், 1999-ஆம் வருஷம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு இரண்டாவது மாடியில், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடிய கூட்டம்தான் என்று தயங்காமல் சொல்லலாம். மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் அங்கே போடப்பட்ட வாழைக்காய் பஜ்ஜியைச் சாப்பிடாதவர்கள்.

கூட்டத்தின் அமைப்பாளர், செயலாளர், தலைவர் ஆகிய மூவரும் நிரஞ்சன். முப்பத்தாறு வயது. தியாகராய நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் 'ப்ராஜெக்ட் லீடர்'. தொண்ணூற்றொன்பதுக்கு அடுத்தது என்ன என்று தெரியாமல் தவித்த அமெரிக்கக் கம்ப்யூட்டர்களுக்கு, அடுத்தது இரண்டாயிரம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வது அவன் கம்பெனியின் தொழில். இரண்டாம் வகுப்பு டீச்சர் செய்கிற காரியம்தான், அவளுக்கு ஏ.ஸி. ரூம் கிடையாது, அவ்வளவே.

கூட்டத்துக்குக் காரணமாக இருந்தவர் நிரஞ்சனின் தாய்மாமன். எழுபத்து நாலு வயதாகியும் ஊருக்கெல்லாம் அவர் 'அம்பி'தான். ஒரு சர்க்கார் இலாகாவில் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து, 1983-இல் ஓய்வு பெற்றவர். அவருடைய நிர்வாகத் திறமைக்கு ஒரு சான்று போதும். 1961-இல் ஒரு கிளை அலுவலகம் பன்னிரண்டு மேஜை விசிறி கேட்டு எழுதியது. அம்பி மாமா ஓய்வு பெற்ற அன்றும் அந்தக் கோப்பு 'பரிசீலனையில்' இருந்தது. அதற்குள் விசிறி கேட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால், புழுக்கம் தானாகவே தீர்ந்தது.

"நிராகரிச்சா பகை. சாங்ஷன் பண்ணினா ஆடிட். நிலுவையில இருக்கற கோப்புக்குத்தான் சாவே கிடையாது" என்பார்.

மாமி அபயாம்பாள் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதல் மூன்று மாதம் தினம் யாராவது வந்தார்கள். பிறகு வாரம் ஒருவர் வந்தார். பிறகு, எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காக முறை போட்டுக் கொண்டார்கள். முறை போட்ட பிறகு யாரும் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் முறை நன்றாக ஞாபகம் இருந்தது.

மாமாவின் ஒரே பிள்ளை சுஹாஸ் கலிபோர்னியாவில் இருந்தான். அவன்தான் முதலில் பிரச்சினையைச் சரியான வடிவத்தில் எழுப்பினான். "அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருவோம். தினம் காலையில 'நான் சௌக்கியம்'னு ஒரு வரி மெயில் அனுப்பட்டும். வந்தா நிம்மதி. வராத அன்னிக்கு மட்டும் நாம கவலைப்பட்டாப் போறும்" என்று நிரஞ்சனுக்கு எழுதினான். முன்னூற்று அறுபத்தைந்து நாளும் கலந்து கட்டியாகக் கவலைப்பட்டுக் கொண்டிருந்த ஒரு சமுதாயத்துக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசி வரி இது: 'அப்பாவால் முடியவில்லை என்றால், கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். ஸாகர சாந்தி என்று பெயர். விண்ணப்பப் பாரம் வாங்கி வைக்கவும்.'

நிரஞ்சன் இரண்டையும் செய்தான். பாரத்தை வாங்கி மாமா வீட்டு டி.வி. மேல் வைத்தான். கமிட்டியையும் கூட்டினான்.

*

கமிட்டியில் மூன்று அங்கத்தினர்கள். நிரஞ்சன் விண்டோஸ் கட்சி. ஊரே அதைத்தான் வைத்திருக்கிறது என்பது அவன் வாதம். அவன் தங்கை மதுவந்தி அடையாறில் ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைபவள். மேக் தவிர மற்றதெல்லாம் கம்ப்யூட்டரே அல்ல, வெறும் தகரம் என்று நம்புகிறவள். சுஹாஸ் லினக்ஸ் பக்தன். டெலிபோன் ஸ்பீக்கர் வழியாக, கலிபோர்னியாவின் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து கலந்துகொண்டான். இவர்கள் தவிர, கம்ப்யூட்டரைத் தன் கடையிலேயே பூட்டித் தயாரித்துக் கொடுத்த அக்பர் பாஷா. கச்சேரி ரோடு பக்கம் ஒரு சந்தில் கடை. ஐம்பது வயது. ஓட்டுரிமை இல்லாத அங்கத்தினர். காபி உரிமை உண்டு.

மாமா கமிட்டியில் இல்லை. பயனாளியைக் கமிட்டியில் சேர்ப்பது மரபில்லை.

முதல் கூட்டத்தில் நிரஞ்சன் 'எளிமை' என்ற தலைப்பில் நாற்பது நிமிஷம் பேசினான். முடித்ததும் ஈஸி சேரிலிருந்து மாமா கையை உயர்த்தினார்.

"ஆபரேட்டிங் சிஸ்டம்னா என்னடா?"

"உங்களுக்கும் மெஷினுக்கும் நடுவுல இருந்துண்டு, நீங்க சொல்றதை அதுகிட்டச் சொல்லும், அது சொல்றதை உங்ககிட்டச் சொல்லும் மாமா."

"எங்க ஆபீஸ்ல அவனுக்கு டபேதார்னு பேர். பேசாம எனக்கு ஒரு டபேதாரைப் போட்டுடேன். ஒரு டம்ளர் காபி குடுத்தா ஊர்க்கதை பேசிண்டாவது உக்காந்திருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டக் குறிப்பில் இது 'பயனாளி ஆர்வம் காட்டினார்' என்று பதிவாயிற்று.

விண்டோஸுக்கு இரண்டு ஞாயிறு ஒதுக்கப்பட்டது. இரண்டாம் வாரம் மாமா தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்.

"இது எதுக்கெடுத்தாலும் 'நிச்சயமா? நிச்சயமா?'ன்னு கேக்கறதுடா. இந்த வயசுல எனக்கு எதுலடா நிச்சயம்? பயந்து போய் ஒவ்வொரு தடவையும் 'இல்லை'ன்னே அமுக்கிட்டேன்."

"சரி, இரட்டைக் கிளிக் பண்ணுங்கோ, பார்க்கலாம்."

மாமா ஒருமுறை அமுக்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டார். "மது, அந்த பஜ்ஜியைத் திருப்பிப் போடு, கருகறது" என்றார். பிறகு இரண்டாவது முறை அமுக்கினார்.

"மாமா, ரெண்டையும் அடுத்தடுத்து அமுக்கணும்!"

"ரெண்டு தடவைன்னுதானே சொன்னே? நடுவுல எவ்வளவு நேரம்னு ஸ்பெசிஃபிகேஷன்ல இல்லையே!"

மூன்றாவது ஞாயிறு மதுவந்தி தன் ஆபீசிலிருந்து ஒரு பழைய மேக்கைக் காரில் ஏற்றி வந்தாள். மாமா அதைச் சுற்றி வந்து பார்த்தார். மௌஸைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். முகம் கடுத்தது.

"அதுக்கு ரெண்டு பொத்தான் இருந்தது. இதுக்கு ஒண்ணுதானே இருக்கு?"

"அதான் மாமா இதோட அழகே! ஒண்ணு போறும்!"

"அப்படித்தான் சொல்லுவான். இதுக்குப் பேர் ஷார்ட் சப்ளை. மீதிப் பொத்தான் வர வரைக்கும் நான் டெலிவரி சலான்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்றைக்கு மதுவந்தி கோபித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே மாமியின் வத்தல் டப்பாக்கள் அப்படியே இருந்தன. கோபம் மறந்து, மாமியிடம் சின்ன வயதில் கற்ற ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்தாள். இரண்டு மணி வரை போகவில்லை. கமிட்டியின் நோக்கத்துக்குச் சம்பந்தமில்லாததால் நிரஞ்சன் இதைக் குறித்துக்கொள்ளவில்லை.

லினக்ஸ் முறை வந்தது. சுஹாஸ் தபாலில் அனுப்பிய சி.டி.யை, விண்டோஸைக் கலைக்காமல் அதன் பக்கத்திலேயே, அக்பர் பாஷா போட்டுக் கொடுத்தார்.

"இது இலவசம் அப்பா!" என்றது ஸ்பீக்கர்.

"இலவசமா? கொட்டேஷனே இல்லாமலா?"

"ஆமா. உலகம் பூரா நிறையப் பேர் சேர்ந்து பண்ணி, சும்மாவே தர்றா."

"சும்மா தரவாளையெல்லாம் எங்க டிபார்ட்மென்ட்ல பிளாக்லிஸ்ட்ல போட்டுடுவோம். எங்கேயோ கை வெக்கப் போறான்னு அர்த்தம்."

அரை மணி நேரம் அப்பாவும் பிள்ளையும் சுதந்திர மென்பொருளின் தத்துவம் பற்றிச் சண்டை போட்டார்கள். கடைசியில் சுஹாஸ், யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பாஸ்வேர்டை வைக்கச் சொன்னான். மாமா வைத்தார். அடுத்த வாரம் திரை கறுப்பாகவே இருந்தது.

"என்ன ஆச்சு மாமா?"

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா வைன்னான். ரொம்ப நன்னாவே வெச்சுட்டேன் போலிருக்கு. என்னாலயும் முடியலை."

அக்பர் பாஷா பக்கத்தில் நின்று காபியைச் சத்தம் போட்டு உறிஞ்சினார். அவர் எதற்கோ சிரிப்பை அடக்குவது போல நிரஞ்சனுக்குப் பட்டது. காபி சூடாக இருந்திருக்கலாம்.

ஜூலை கடைசியில் சுஹாஸ் பொறுமை இழந்தான். "நிரஞ்சன், அந்தக் கொட்டிவாக்கம் பாரத்தைப் பூர்த்தி பண்ணு. அப்பாவால முடியாது."

அதைச் சொல்லி அரை நிமிஷம் ஆகியிருக்காது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஒற்றை விரலால், நாக்கைக் கடித்துக்கொண்டு, 'நான் சௌக்கியம்' என்று இங்கிலீஷில் அடித்தார். கலிபோர்னியாவில் அது வந்து விழுந்தது. "வந்துடுத்து! வந்துடுத்து!" என்று ஸ்பீக்கர் அலறியது. மதுவந்தி மாமாவைக் கட்டிக்கொண்டாள். பாரம் டி.வி. மேலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவருக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது.

*

கமிட்டி இந்த வேகத்தில் போனால் எங்கே முடியும் என்று நிரஞ்சனுக்குக் கவலை வந்தது. இரண்டாயிரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரமுடியுமா என்று மேலதிகாரி கேட்க ஆரம்பித்திருந்தார். வரமுடியாது, மாமா வீட்டில் பஜ்ஜி சாப்பிட வேண்டும் என்று ஒரு ப்ராஜெக்ட் லீடர் எப்படிச் சொல்வான்?

ஆகஸ்ட் நாலாம் தேதி, புதன்கிழமை. கொஞ்சம் பெரிய மௌஸாக இருந்தால் மாமாவின் கைக்கு அடங்கும் என்று ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆபீசுக்குப் போகிற வழியில் நிரஞ்சன் மாமா வீட்டுக்குப் போனான். மாமா மாட வீதிக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். மாற்றுச் சாவி அவனிடம் இருந்தது. கதவைத் திறந்தான்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சீட்டாட்டம் பாதியில் நின்றது. விண்டோஸோடு வருகிற ஃப்ரீசெல். யாரோ தவறுதலாகத் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்து மூடப்போனவன், பழக்க தோஷத்தில் புள்ளிவிவரத்தைத் திறந்தான்.

வெற்றி: 311. தோல்வி: 4.

நிரஞ்சன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுடைய கணக்கு இதில் பாதி கூடத் தேறாது.

ஆட்டத்துக்குப் பின்னால் இன்னொரு கோப்பு திறந்திருந்தது. 'ஞாயிறு' என்று இங்கிலீஷில் பெயர். அழகாகக் கட்டம் போட்ட ஓர் அட்டவணை. ஆஜரானவர், வந்த நேரம், போன நேரம், குறிப்பு.

'ஜூன் 20. மது, நிரஞ்சன். 10.05 முதல் 2.00 வரை. மது சமையலறையில் பாடினாள். சரணத்தில் ஓரிடம் தப்பு. சொல்லவில்லை.'

'ஜூன் 27. நிரஞ்சன் சோபாவில் முக்கால் மணி தூங்கினான். எழுப்பவில்லை. குழந்தை இளைத்திருக்கிறான்.'

'ஜூலை 4. சுஹாஸ் போனில் 52 நிமிஷம். நன்றாகச் சண்டை போட்டான். குரல் திடமாக இருக்கிறது.'

கீழே இன்னொரு அட்டவணை. தலைப்பு: 'உத்தேச ஆட்சேபங்கள்.'

'ஆகஸ்ட் 8: மௌஸ் சிறியது. ஆகஸ்ட் 22: இரட்டைக் கிளிக் (மறுபடியும்). செப்டம்பர் 5: எழுத்து பொடியாகத் தெரிகிறது, கண் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்ல. தீபாவளி வாரம்: ஆட்சேபம் தேவையில்லை, தானே வருவார்கள். டிசம்பர்: இரண்டாயிரம் பிரச்சினை பற்றி நிரஞ்சனிடம் விளக்கம் கேட்க. மூன்று வாரம் தாங்கும்.'

நிரஞ்சன் இரண்டு முறை படித்தான். தொண்டையில் ஏதோ அடைத்தது. மாமாவின் ஈஸி சேரையும், டி.வி. மேலிருந்த பாரத்தையும், மாமி படத்தையும் பார்த்தான். 

இந்த இடத்தில் சாதாரண மருமான் ஒருவன் கோப்பை மூடிவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போய், ஆகஸ்ட் எட்டாம் தேதி வந்து, மௌஸ் சிறியதுதான் மாமா என்று ஒப்புக்கொண்டிருப்பான். நிரஞ்சன் சாதாரண மருமான் அல்ல. பயிற்சி பெற்றவன். மெல்ல மெல்ல அவன் கண்ணுக்கு வேறு விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. நான்கு பத்திகளும் ஒரு நூல் பிசகாமல் நிற்கின்றன. தலைப்புக்கு அடிக்கோடு இருக்கிறது. தேதிகள் தாமாகவே வரிசையாகும்படி போடப்பட்டிருக்கின்றன. இந்த மாதிரி ஓர் அட்டவணையை அவனுடைய டீமிலேயே இரண்டு பேரால்தான் போட முடியும்.

"அடேயப்பா, பாஸாயிட்டார்!" என்று வாய்விட்டுச் சொன்னான். தொண்டை அடைப்பு போய்விட்டது.

*

எட்டாம் தேதி கூட்டத்தில் நிரஞ்சன் அறிவிப்பை வெளியிட்டான். ஃப்ரீசெல் கணக்கைச் சொன்னான். அட்டவணையைப் பற்றிச் சொன்னான். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது தொழில்நுட்ப விஷயம் அல்ல என்பதால் அதைச் சொல்லவில்லை.

மாமா ஈஸி சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதை ஏன்டா திறந்தே?"

"திறந்தே இருந்தது மாமா. எதுக்கு மாமா மறைச்சேள்? உங்களுக்கு எல்லாம் தெரியறதே! ப்ராஜெக்ட் சக்ஸஸ்!"

"அப்பா, கங்கிராட்ஸ்! இனிமே நீங்க யார் தயவும் இல்லாம தனியாவே இருக்கலாம்!" என்றது ஸ்பீக்கர்.

மதுவந்தி மட்டும் மாமா முகத்தைப் பார்த்து, "ஏன் மாமா ஒரு மாதிரி இருக்கேள்?" என்றாள். அவளுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பிறந்தநாள் விழா இருந்தது. பதிலுக்கு நிற்க நேரமில்லை.

"அப்போ, கமிட்டி கலைஞ்சாச்சா?" என்றார் மாமா.

"கலைஞ்சாச்சு மாமா."

"நிறைவு அறிக்கைன்னு ஒண்ணு எழுதணும். அது மரபு."

"நான் எழுதி மெயில்ல அனுப்பிடறேன்."

"அனுப்பு. எனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

பாதாம் அல்வாவோடு கூட்டம் பதினொன்றரைக்கே முடிந்தது. கமிட்டியின் வரலாற்றிலேயே மிகக் குறுகிய கூட்டம் அதுதான். அக்பர் பாஷா மட்டும் மௌஸ் வயரைச் சரிபார்க்கிற சாக்கில் பின்னால் தங்கினார்.

*

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. தினம் காலை ஏழு மணிக்கு 'நான் சௌக்கியம். அம்பி' என்று மெயில் வந்தது. ஒரு நாள் கூட ஏழு ஒன்றாகவில்லை. தலைப்பு வரியிலேயே விஷயம் இருந்ததால் திறந்து பார்க்கிற சிரமமும் இல்லை. மதுவந்தி அவற்றைத் தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி வடிகட்டி வைத்தாள். நிரஞ்சன் ஒரு படி மேலே போய், ஒரு சின்ன நிரல் எழுதினான். மாமா மெயில் வந்தால் அவன் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்பு. இனி அவன் பச்சையைப் பார்க்கவே தேவையில்லை. சிவப்பு வந்தால் பார்த்தால் போதும்.

தீபாவளிக்கு மூவரும் மாமாவுக்குக் கம்ப்யூட்டரில் வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். மதுவந்தி அனுப்பியதில் மத்தாப்பு நிஜமாகவே அசைந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமா சௌக்கியமாக இருந்தார்.

நவம்பர் பதினாறாம் தேதி சிவப்பு வந்தது.

முந்தின நாளெல்லாம் பேய்மழை. நிரஞ்சன் டெலிபோன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று மாதத்தில் அவன் மாமாவுக்குச் செய்த முதல் போன் அது என்பது எட்டாவது மணியில் அவனுக்கு உறைத்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு, ராஜா அண்ணாமலைபுரம் போய்ச் சேர்ந்தான். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினான்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அக்பர் பாஷா, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தார்.

"இன்னா சார், மழையில இவ்ளோ தூரம்? ஒண்ணும் இல்ல சார். நைட்டு கரண்ட் போயிடுச்சி, மெஷின் ஆஃப் ஆயிக்கீது. தோ, போட்டுட்டேன். அஞ்சு நிமிசத்துல மெயில் வந்துரும். நீங்க கெளம்புங்க."

"பாய், மாமா எங்கே?"

"மாமாவா?" அக்பர் பாஷா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "மாமா போயி முப்பத்தெட்டு நாளாச்சே சார்."

நிரஞ்சனின் கண் மாமி படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தேடியது. 

"போயின்னா... எங்கே?"

"கொட்டிவாக்கம் சார். டிவி மேல ஒரு பாரம் கெடந்துச்சில்ல? அத்த அவரே ரொப்பி, அவரே ஆட்டோ வெச்சிக்கினு போயிட்டாரு. நான்தான் பொட்டி தூக்கினேன்."

"அப்போ மெயில்? தினம் வந்துண்டிருந்ததே?"

"அது மாமா போறதுக்கு மின்னாடி பண்ணி வெச்ச ஏற்பாடு சார். காலைல ஏழு மணி ஆனா மெஷினே எய்ந்து, அதுவே போன் போட்டு, அதுவே 'சௌக்கியம்'னு அனுப்பிட்டு, அதுவே கம்முனு ஆயிடும். எனுக்கே தெரியாது அந்த வித்தை. புக்கு பார்த்துப் பண்ணாரு. கரண்ட் போனா மட்டும் வந்து போட்டுடுங்க பாய்னு சாவி குடுத்துட்டுப் போனாரு."

அந்தக் கணத்தில் மோடம் கிறீச்சிட்டது. கம்ப்யூட்டர் சௌக்கியத்தை அனுப்பியது. தியாகராய நகரில் ஆளில்லாத ஒரு மேஜையில், சிவப்புப் புள்ளி பச்சையாயிற்று.

"நீங்க ஏன் பாய் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"கேட்டா சொல்லலாம்னுதான் சார் கீறேன்" என்றார் அக்பர் பாஷா. "யாரும் கேக்கலியே."

நிரஞ்சன் அன்றே கொட்டிவாக்கம் போயிருப்பான். ஆனால் அன்று ப்ராஜெக்ட் டெலிவரி. சுஹாஸுக்கு மெயில் மட்டும் எழுதினான். அன்று ராத்திரியே பதில் வந்தது. 'அப்பாவா இதை ஆட்டோமேட் பண்ணினார்? நம்பவே முடியவில்லை! இங்கே என் ஆபீசில் எல்லாரிடமும் காட்டினேன்.'

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் ஒரு டஜன் மலைப்பழத்தோடு, நிரஞ்சன் ஸாகர சாந்தியின் கேட்டில் நின்றான். வாட்ச்மேன் ஒரு தடித்த நோட்டையும் ஒரு கட்டுச் சீட்டையும் எடுத்து வைத்தான்.

"யாரப் பாக்கணும்?"

"அம்பி மாமா. நான் அவர் மருமான்."

"அவுரா? மீட்டிங்குல கீறாரு சார். இங்க இப்ப எல்லாம் அவுருதான். சாப்பாட்டுக் கமிட்டி. சீட்டுல பேரு, ஒறவு, வந்த காரணம் எய்திக் குடு. உள்ள குடுக்கறேன். சீட்ட பாத்துட்டு அவுரு சொன்னாத்தான் உடணும்னு ஆர்டரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடம் தெரிந்தது. நீள மேஜை. சுற்றிலும் பதினைந்து வெள்ளைத் தலைகள். நடுவில் மாமா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு விரலை உயர்த்தி எதற்கோ ஆட்சேபம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒரு அம்மாள் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். எந்த முடிவும் எடுக்கப்படுவதாகத் தெரியவில்லை. மாமா சதை போட்டிருந்தார்.

நிரஞ்சன் சீட்டில் எழுதினான். பெயர்: நிரஞ்சன். உறவு: மருமான். வந்த காரணம்: நலம் விசாரிக்க.

வாட்ச்மேன் எடுத்துக்கொண்டு போனான். ஐந்து நிமிஷத்தில் திரும்பினான். சீட்டின் ஓரத்தில் பச்சை மசியில், கொள்முதல் பிரிவின் சாய்வெழுத்தில், ஒரு குறிப்பு: 'நலம் தினமும் காலை ஏழு மணிக்குத் தெரிவிக்கப்பட்டு வருகிறது. திருப்பி அனுப்பப்படுகிறது.'

நிரஞ்சனுக்கு முகம் சிவந்தது. இன்னொரு சீட்டு வாங்கினான். வந்த காரணம்: கம்ப்யூட்டர் சம்பந்தமாக.

அதுவும் திரும்பி வந்தது. 'மேற்படி கமிட்டி 8.8.99 அன்று கலைக்கப்பட்டது. திருப்பி அனுப்பப்படுகிறது.'

மூன்றாவது சீட்டை எடுத்தான். பெயர் எழுதினான். உறவு எழுதினான். அடுத்த கட்டத்துக்கு மேலே பேனாவை நிறுத்தினான். கடற்காற்று சீட்டைப் படபடவென்று அடித்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தான். 

பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், அங்கியே முய்ச்சிக்கினு நின்னுட்ட? இங்க வர்றவங்க அல்லாரும் எய்தறதுதான? ரொம்ப ஈஸியான கேள்வி சார் அது!"